பதினாறு வேலை நாள்

1988 டிசம்பர் முதல் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. மூன்றாவது பீரியடில் கிளாஸ் டீச்சர் என்னைத் தனியாக அழைத்துக் காதோடு ஏதோ கேட்டார். உடனே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். துணைக்கு என் தோழி வந்தாள். ஒரே தெரு, ஒரே பெஞ்சு. என் புத்தகப் பையை அவள்தான் தூக்கிக்கொண்டு நடந்தாள். நான் வாசற்படியில் கால் வைக்கும் முன்பே ஆயா, என் பாட்டி, பார்த்துவிட்டாள். எப்படித்தான் தெரிந்ததோ, "அங்கயே நில்லு. பையத் தொடாத, அதுல சரசுவதி இருக்கா" என்றாள். பை தோழியின் தோளிலேயே இருந்தது. அவள் அதைத் தன் வீட்டுக்கே கொண்டுபோனாள்.

அடுத்த பதினோரு நாள் என் புத்தகங்கள் அங்கேதான் இருந்தன.

எங்கள் ஊர் பெண்ணாடம். அப்போது தென்னாற்காடு மாவட்டம். 1993இல் பிரித்த பிறகு கடலூர் மாவட்டம் ஆயிற்று. விருத்தாசலத்திலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். வெள்ளாறு பக்கத்தில் ஓடுகிறது, சுற்றிலும் கரும்பு. ஊரின் நடுவே பிரளயகாலேசுவரர் கோயில். அதன் விமானம் தூங்குகிற யானையின் முதுகு போல இருப்பதால் தூங்கானை மாடம் என்று பெயர். சிவஞானபோதம் செய்த மெய்கண்டார் பிறந்த ஊர் இது. எட்டாம் வகுப்பில் தமிழ் ஐயா ஊர்ப் பெயரைக் கரும்பலகையில் மூன்றாக உடைத்து எழுதினார்: பெண், ஆ, கடம். தேவ கன்னியரும் காமதேனுவும் யானையும் வழிபட்ட தலம் என்பது புராணம். "மூணுல பெண்தான் முதல்ல வருது, கவனிச்சீங்களா?" என்று எங்கள் பக்கம் பார்த்துக் கேட்டார். நாங்கள் ஏழு பேர் பெண்கள் இருந்தோம். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியது நான்கு பேர்.

அன்று சாயங்காலமே மாமா பச்சை ஓலையோடு வந்தார். தாய்மாமன் வெட்டிய தென்னை ஓலையில்தான் குடிசை கட்ட வேண்டும். கொல்லையில், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில், நான் கால் நீட்டிப் படுத்தால் பாதம் இடிக்கும் அளவில் கட்டினார். வாசலுக்குக் குறுக்கே உலக்கை, தலைமாட்டில் இரும்பு, வேப்பிலைக் கொத்து. எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர். வண்ணார வீட்டு அம்மா மாற்றுச் சேலை கொண்டுவந்து தருவார். விடிந்ததும் பச்சை முட்டை, அதன் மேல் நல்லெண்ணெய், பிறகு உளுந்தங்களி. எலும்பு பலப்படும் என்று ஆயா கையில் உருட்டிக் கொடுத்த அந்தக் களியை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். பதினான்கு வயதுவரை என்னை யாரும் அப்படிப் பார்த்துப் பார்த்து ஊட்டியதில்லை. அந்த வீட்டில் அந்த நாட்களில் நான்தான் எல்லாருக்கும் முதல் ஆள்.

ஆனால் அரையாண்டுத் தேர்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது.

அம்மா ஒன்பது நாள் போதும் என்றாள். ஆயா பதினாறுக்குக் கீழே இறங்கவில்லை. இந்தப் பேச்சு ஓலைக்கு அந்தப் பக்கம் இரவு முழுக்க நடந்தது. நான் மழைச் சத்தத்துக்கு நடுவே கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். கடைசியில் தீர்த்துவைத்தது பஞ்சாங்கம். மார்கழி பிறந்துவிட்டால் சடங்கு செய்ய முடியாது, தை வரை காத்திருக்க வேண்டும். ஆகவே கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்துக்குள் முடித்தாக வேண்டும். எண்ணிப் பார்த்தால் பதினோரு நாள் வந்தது. பரீட்சை அட்டவணை யார் கணக்கிலும் வரவில்லை.

சடங்கை ஏன் சுருக்கமாக, வீட்டோடு செய்து முடித்திருக்கக் கூடாது என்று பிற்பாடு அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். அவர் கோபப்படவில்லை. பெட்டியிலிருந்து மொய் நோட்டுகளை எடுத்துக் காட்டினார். எனக்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் யார் யார் வீட்டுக் காதுகுத்துக்கு, சடங்குக்கு, கல்யாணத்துக்கு எவ்வளவு எழுதினார் என்று வரி வரியாக இருந்தது. பதினொன்று, இருபத்தொன்று, ஐம்பத்தொன்று. அந்தப் பணம் திரும்பி வருவதற்கு எங்கள் வீட்டில் ஒரு விசேஷம் நடந்தாக வேண்டும். எனக்கு அக்காக்கள் யாரும் இல்லை, நான்தான் மூத்தவள். வெட்டிய கரும்புக்கு ஆலையிலிருந்து பணம் வரும்வரை கடைக்காரரிடம் கடன் நிற்கிற குடும்பத்துக்கு அது பெரிய தொகை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சடங்கை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எங்கள் தெருவுக்கு அதுவே சேமிப்பு, அதுவே சீட்டு. பந்தலும் மைக் செட்டும் போட்டு ஊரை அழைக்காவிட்டால் அப்பா கொடுத்தது கொடுத்ததாகவே போயிருக்கும். இதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு வீட்டுக்குப் போய் "சடங்கு வேண்டாம்" என்று சொன்னால் அவர்கள் கதவைச் சாத்துவார்கள். ஆசிரியையாகி முதல் வருடத்திலேயே எனக்கு அப்படிச் சாத்தப்பட்டது.

குடிசைக்குள் புத்தகம் வரக் கூடாது. ஆனால் புத்தகத்தின் சத்தம் வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இதைக் கண்டுபிடித்தது என் தோழிதான். இரண்டாம் நாள் பள்ளி விட்டதும் அவள் கொல்லைக்கு வந்து, துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, அன்றைக்கு நடந்த அறிவியல் பாடத்தை உரக்க வாசித்தாள். ஆயா எட்டிப் பார்த்தாள். தீட்டு எங்கே ஒட்டுகிறது என்று சிறிது நேரம் யோசித்தாள் போல. பிறகு உள்ளே போய்விட்டாள். மறுநாளிலிருந்து அந்தக் கல்லில் ஒரு கோணிப்பையை மடித்துப் போட்டுவைத்தாள்.

நான் காதால் படித்தேன். அது எனக்குப் புதிதாக இல்லை. எங்கள் பக்கம் திரௌபதியம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து, கடைசியில் தீமிதி. ஆயா பாயையும் என்னையும் சுருட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் இடம் பிடிப்பாள். விடிய விடியக் கேட்டதை மறுநாள் நடவுக்காரப் பெண்களிடம் அவள் ஒரு வரி விடாமல் சொல்லுவாள். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. யார் எந்தப் பக்கம் நின்றார்கள், யார் மகன் யார், எந்த நாள் போரில் யார் விழுந்தார்கள் என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு முறை கேட்டால் வரிசை தப்பாமல் சொல்கிற பழக்கம் எனக்கு அந்த இரவுகளில் வந்தது. வரலாறும் அறிவியலும் தமிழும் ஓலை வழியாக உள்ளே வந்து தங்கிக்கொண்டன. என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திவைத்த அதே ஆயாதான் எனக்கு இந்தக் காதைக் கொடுத்தவள். இதில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விட்டால் நான் அவளுக்குத் துரோகம் செய்தவள் ஆவேன்.

கணக்கு மட்டும் காதால் வரவில்லை. முக்கோணத்தின் இரண்டு பக்கங்களின் நடுப்புள்ளிகளைச் சேர்க்கும் கோடு மூன்றாவது பக்கத்துக்கு இணையாக இருக்கும்: வாக்கியம் மனப்பாடமாகிவிட்டது, ஏன் என்பது விளங்கவில்லை. தோழி ஒரு குச்சியை எடுத்து, மழையில் நனைந்த மண்ணில் படம் போட்டாள். நான் ஓலையை இரண்டு விரலால் விலக்கிப் பார்த்தேன். அவள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்ததால் முக்கோணம் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. "அ எங்க இருக்கு?" என்று கேட்டேன். "மேலடி" என்றாள். எனக்கு அது கீழே இருந்தது. தூறல் பலத்துப் படம் கரைந்தது. மூன்று தரம் போட்டாள்.

சடங்கு நடந்தது. புட்டுச் சுற்றினார்கள், மாமா சீர்த் தட்டுகளோடு மேளத்துடன் வந்தார், குடிசையைப் பிரித்துக் கொளுத்தினார்கள். அதற்கும் பிறகு, உடம்பு தேற வேண்டும், கண் பட்டிருக்கும் என்று மேலும் சில நாள். அரையாண்டுத் தேர்வு முழுக்கப் போயிற்று. விடுமுறை முடிந்து ஜனவரியில் தாவணி போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனபோது வருகைப் பதிவேட்டை எண்ணிப் பார்த்தேன். பதினாறு வேலை நாள். ஆயா கேட்ட பதினாறும் வேறு கணக்கில் நிறைவேறியிருந்தது. காலாண்டில் கணக்கில் 78 வாங்கியவள் முழு ஆண்டில் 41 வாங்கினேன். மற்ற பாடங்கள் குறையவில்லை. அந்த ஜியாமிதி ஓட்டை அடுத்த வருடமும் அடைபடவில்லை. பின்னால் நான் தமிழ் இலக்கியம் படிக்கப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதுவரை சொன்னது என் கதை. சொல்ல எனக்கு நாக்கு எழாதது அடுத்தது.

1990 பிப்ரவரிக் கடைசி. மாசி மாதம். விருத்தாசலத்தில் மாசி மகத் திருவிழாக் கூட்டமும், எங்கள் ஊர்க் கோயில் மைக் செட்டும், பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வும் எப்போதும் இந்த நாட்களை ஒட்டித்தான் வரும். மைக் சத்தத்துக்குப் பயந்து நாங்கள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படிப்போம். அந்த மாசியில் என் தோழி வயதுக்கு வந்தாள். வகுப்பில் அவள்தான் கடைசி. அதற்காக வீட்டில் அவள் நிறையப் பேச்சு வாங்கியிருக்கிறாள். எனவே குடிசை கட்டியபோது அவள் அம்மாவுக்கு அத்தனை சந்தோஷம்.

நான் ஒரு சாயங்காலம் போனேன். புத்தகத்தோடுதான் போனேன். அவர்கள் வீட்டுப் பாட்டி வாசலிலேயே, "இப்ப வேணாம் கண்ணு, நீ போய்ப் படி, பரிச்ச வருதுல்ல" என்றார். அதட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னார். நான் இன்னொரு முறை கேட்டிருக்கலாம். கொல்லைப் பக்கமாகச் சுற்றிப் போயிருக்கலாம், வேலி எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அவர் அப்படிச் சொன்னதும் எனக்குள்ளே ஒரு ஆறுதல் வந்தது. படிக்க இன்னும் இரண்டு மணி நேரம் கிடைத்ததே என்ற ஆறுதல். வீட்டுக்குத் திரும்பினேன். மறுபடி போகவில்லை.

பரீட்சை ஹாலில் அவளுடைய எண்ணை மேசையில் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். தமிழ் முதல் தாள் அன்று அந்த மேசை காலியாக இருந்தது. ஆறு நாளும் யாரும் அந்த எண்ணை அழிக்கவில்லை. செப்டம்பரில் எழுதிக்கொள்ளலாம் என்று பள்ளியில் சொன்னதை நானே அவள் வீட்டில் போய்ச் சொன்னேன். ஆவணியில் அவளுக்குத் தாய்மாமனோடு கல்யாணம் ஆகிவிட்டது. பெண்ணுக்குத் திருமண வயது பதினெட்டு என்று 1978இலேயே சட்டம் திருத்தியிருந்தார்கள். பந்தலில் சாப்பிட்ட எங்களில் ஒருவர்கூட அதைப் பேசவில்லை.

ஆசிரியையாக இருபது ஆண்டுகளுக்கு மேல் பதிவேடு போட்ட பிறகு எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பையன்களும் விடுப்பு எடுக்கிறார்கள். காப்புக் கட்டி விரதம் இருப்பான், தீ மிதிப்பான், கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டு மலைக்குப் போவான். நாள் கணக்கில் பார்த்தால் சில பையன்கள் பெண்களைவிட அதிகமாகவே தவறவிடுகிறார்கள். ஆனால் அவர்கள் திரும்பி வருகிறார்கள். விரதம் முடிந்த பையனைப் பார்த்து "இனிமே எதுக்குப் படிப்பு" என்று எந்த வீட்டிலும் கேட்பதில்லை. பெண்ணுக்குப் பந்தல் போட்டு ஊரைக் கூட்டுவதே "எங்கள் வீட்டில் பெண் தயாராக இருக்கிறாள்" என்று அறிவிக்கத்தான். மணப்பெண் போல அலங்கரித்து மணையில் உட்காரவைத்த பிறகு, அதே பெண்ணை மறுநாள் யூனிபார்மில் பார்க்க உறவுக்காரர்களின் கண் பழகுவதில்லை. பதினாறு நாள் பாடத்தை ஒரு நல்ல டீச்சர் ஒரு மாதத்தில் ஈடுகட்டலாம். அந்த அறிவிப்பை ஈடுகட்ட என்னிடம் பாடம் இல்லை.

ஆப்பிரிக்காவில் மலாவி, சாம்பியா நாடுகளிலும் பெண் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு சடங்கு உண்டு, ‘சின்னம்வாலி’ என்று பெயர். அங்கேயும் பெண்ணைத் தனியே வைக்கிறார்கள், அங்கேயும் படிப்பு நிற்கிறது, பள்ளி விடுமுறையில் நடத்துங்கள் என்று ஊர்த் தலைவர்களிடம் அங்கேயும் பேசுகிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு ஒரு துணை கிடைத்தது போல இருந்தது. நானும் அதைத்தான் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன்: "சடங்கைச் செய்யுங்கம்மா. மே மாசத்துல செய்யுங்க. மொய்யும் அப்ப நல்லா வரும், எல்லாருக்கும் லீவு." மொய்யைச் சொன்ன பிறகுதான் அப்பாமார்கள் காதுகொடுத்துக் கேட்டார்கள். இப்போது பெரும்பாலான வீடுகளில் தண்ணீர் ஊற்றி மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். விழாவைக் கோடையில் மண்டபம் பிடித்துச் செய்கிறார்கள்.

ஆனால் ஃப்ளெக்ஸ் பேனர் வந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பெண்ணின் படத்தைப் பட்டுப்புடவையில், நெற்றிச்சுட்டியோடு, ஆள் உயரத்துக்கு அச்சடித்துப் பள்ளிக்கூடம் போகும் வழியிலேயே கட்டுகிறார்கள். அதன் கீழே நின்று பையன்கள் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். என் வகுப்புப் பெண் ஒருத்தி, குடிசையில் உட்கார்ந்து ஒரு நாள்கூட இழக்காதவள், பேனரை அவிழ்க்கும்வரை ஒன்பது நாள் வரவில்லை. நான் போய் அவள் சித்தப்பாவிடம் பேசி, ஏணி வைத்து அவிழ்க்கச் செய்தேன். மறுநாள் வந்தாள்.

1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் அரசு திருமண உதவித் திட்டம் கொண்டுவந்தது. எட்டாவது வரை படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். பெண்ணை எட்டாவது வரையாவது விட்டுவைக்க அது சில வீடுகளில் உதவியது. நான் கண்ணால் கண்டிருக்கிறேன். 2022இல் அதே திட்டத்தைப் புதுமைப்பெண் என்று மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் ஆக்கினார்கள். கல்யாணத்துக்கு வந்த பணம் படிப்புக்கு வரத் தொடங்கிய செய்தியை ஸ்டாஃப் ரூமில் படித்தபோது எனக்கு அந்தச் சாக்பீஸ் எண்தான் நினைவுக்கு வந்தது.

அதற்கு வெகு முன்பே, 2007இல், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டைக்குக் கூட்டிப் போயிருந்தேன். களிமண் கூழை அச்சில் ஊற்றி, அச்சு ஈரத்தை உறிஞ்சியதும் பொம்மையைப் பிரித்து எடுத்து, பிசிறு சீவி, சூளைக்கு அனுப்புவதைப் பிள்ளைகள் வாய் திறந்து பார்த்தார்கள். ஒரு கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அகல் விளக்குகளுக்குப் பிசிறு சீவிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி என்னை "டீச்சரம்மா, பிள்ளைங்க மேல மிதிச்சிடப் போறாங்க" என்று எச்சரித்தாள். குரல்தான் முதலில் தெரிந்தது. பதினோரு நாள் ஓலை வழியாகக் கேட்ட குரல். அவளும் என்னைப் பார்த்தாள். "ஏண்டி, கண்ணாடி போட்டுட்ட" என்றாள்.

நான் அந்த மாசியைப் பற்றிப் பேச வாய் திறந்தேன். அவள் கையிலிருந்த அகலைத் தட்டில் வைத்துவிட்டு, தன் மகள் பத்தாவது படிக்கிறாள் என்று சொல்லத் தொடங்கினாள். கணக்கில் நல்ல மார்க்காம்.

அடுத்த பிப்ரவரியில் அவளிடமிருந்து போன் வந்தது. மகள் பெரிய மனுஷி ஆகிவிட்டாள், மூன்று நாள் தண்ணீர், விழா பரீட்சைக்கு அப்புறம்தான், மாமியாரிடம் சொல்லிவிட்டேன், நீ ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போ என்றாள். அன்று சாயங்காலமே பஸ் ஏறினேன். கைப்பையில் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் வைத்திருந்தேன். வீட்டுக்குப் பின்னால் ஓலைக்குப் பதில் ஒரு பழைய சேலையைக் கட்டித் தடுத்திருந்தார்கள். வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நான் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன்.

"எந்தப் பாடம்மா படிக்கணும்? சொல்லு, நான் வாசிக்கிறேன்."

"வேணாம் அத்தை, புக்கு எங்கிட்டயே இருக்கு" என்றது உள்ளிருந்து வந்த குரல். "கணக்குதான் போட்டுக்கிட்டிருக்கேன்."

நான் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். எழுந்து போக மனம் வரவில்லை. சேலைக்கு அந்தப் பக்கம் பென்சிலைக் காம்பஸில் செருகித் திருகும் சத்தம் கேட்டது. அவள் அம்மா இரண்டு டம்ளர் காப்பி கொண்டுவந்து ஒன்றை உள்ளே நீட்டிவிட்டு, மற்றதை என்னிடம் தந்து, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.